சின்ன மியூசியம் பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் பழைய ஆட்கள் எழும்பூர் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்பார்கள். மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. ஊரிலிருந்து யார் வந்தாலும் இரண்டு காலேஜையும் சுற்றிக் காட்டியாக வேண்டும். நான் அந்தச் சுற்றில் வளர்ந்தவன். பிறகு வேலை நிமித்தம் ஊர் ஊராகப் போக நேர்ந்தபோது, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் என்ன மியூசியம் இருக்கிறது என்று தேடிப் போகும் பழக்கம் வந்தது. இப்போது சொந்தக்காரர்களும் நண்பர்களும் லீவு வந்தால் போன் போட்டுக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் இவை.

'சின்ன மியூசியம்' என்று எதைச் சொல்கிறீர்கள்?

டிக்கெட் கிழித்துக் கொடுத்தவரே எழுந்து வந்து லைட்டைப் போட்டு, "அந்தப் பக்கமும் ஒரு ரூம் இருக்கு சார், பாத்துட்டு வாங்க" என்று சொன்னால் அது சின்ன மியூசியம். மாவட்டத் தலைநகரில் இருக்கும் அரசு அருங்காட்சியகம், தொல்லியல் துறை அகழாய்வுக் களத்தின் பக்கத்திலேயே வைத்திருக்கும் கூடம், பிரபலமானவர் பிறந்த வீடு அல்லது குடியிருந்த வீடு, கல்லூரி வளாகத்துக்குள் ஒளிந்திருக்கும் சேகரிப்பு, தனி ஆள் ஒருவர் தன் வீட்டு முன்னறையில் சேர்த்து வைத்திருக்கும் பழைய பாத்திரம் பண்டம் எல்லாம் இதில் அடங்கும்.

எழும்பூரில் எல்லாம் இருக்கும்போது இவற்றை ஏன் தேடிப் போக வேண்டும்?

எழும்பூர் மியூசியம் 1851இல் தொடங்கியது. அமராவதிச் சிற்பங்களும் செப்புத் திருமேனிகளும் வேறெங்கும் அப்படிப் பார்க்கக் கிடைக்காது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே இருப்பவை எல்லாம் எங்கிருந்தோ வந்தவை. சின்ன மியூசியத்தில் பொருளும் அது கிடைத்த மண்ணும் கூப்பிடு தூரத்தில் இருக்கும். எனக்கு அதுதான் முக்கியம்.

ஆதிச்சநல்லூரை எடுத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில், ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில், தாமிரபரணிக் கரையில் 114 ஏக்கர் பரம்பு, அதாவது மேட்டு நிலம். 1876இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஃபெடோர் யாகோர் தோண்டினார். அவர் எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899இலிருந்து அலெக்சாண்டர் ரீ சில ஆண்டுகள் தோண்டினார். மெல்லிய தகடாக அடித்த பொன் நெற்றிப்பட்டங்கள், வெண்கலச் சாமான்கள், இரும்பு ஆயுதங்கள் எல்லாம் வண்டி ஏறிச் சென்னைக்குப் போயின. நூறு வருஷத்துக்கு மேல் அந்த ஊர்க்காரர்களுக்கு மிஞ்சியது ஓட்டுச் சில்லு கிடக்கிற மேடு மட்டும்தான். தன் ஊரில் கிடைத்த பொன்னைப் பார்க்க ரயில் ஏறி எழும்பூருக்குப் போக வேண்டும்.

2023 ஆகஸ்டில் அங்கே களத்திலேயே ஒரு காட்சியகம் திறந்தார்கள். தோண்டிய குழியை மூடவில்லை. இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகளை அவை இருந்த இடத்திலேயே விட்டு மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். நீங்கள் அந்தக் கண்ணாடி மேல் நடந்து கீழே பார்க்கிறீர்கள். முதல் அடி வைக்கக் கால் கூசும். கண்ணாடி தாங்காதோ என்ற பயம் பாதி, கீழே இருப்பவர் மேல் மிதிக்கிறோமே என்ற கூச்சம் பாதி. என் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி கடைசி வரை கண்ணாடி மேல் ஏறவே இல்லை. ஓரமாகவே சுற்றி வந்தார். தாழியின் அகன்ற வாயைப் பார்த்தபோது எனக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த சங்கப் பாட்டு நினைவுக்கு வந்தது. கணவனை இழந்த ஒருத்தி குயவனிடம், எனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி தாழியை அகலமாகச் செய் என்று கேட்கிற பாட்டு. வகுப்பில் அதை மனப்பாடம் செய்து மார்க் வாங்கினேன். அந்த 'அகலம்' எவ்வளவு என்று தெரிந்தது அன்றைக்குத்தான்.

எந்தக் கிழமை போகலாம்?

எல்லாரும் கடைசியில் கேட்கிற கேள்வி. முதலில் கேட்க வேண்டியது.

மாவட்டங்களில் இருக்கும் அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்திக்கும் பூட்டுத்தான். சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கும், மதுரைத் தமுக்கத்தில் இருக்கும் காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்கும் வெள்ளி. பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள். (கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தாலும் அதை நடத்துவது கேரள அரசு, அங்கே கணக்கு வேறு.) முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய். தஞ்சாவூர் சரசுவதி மகாலுக்குப் புதன். இந்தப் பட்டியலில், ஞாயிறை விட்டால், வியாழன் மேல் மட்டும் யாரும் கை வைக்கவில்லை, குரு பலம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு மாவட்ட மியூசியத்துக்கு இரண்டு பஸ் மாறி, வெயிலில் ஒரு கிலோமீட்டர் நடந்து போய் நின்றால் கேட்டில் பூட்டு. எதிர் டீக்கடையில் விசாரித்தேன். "இன்னிக்கு ரெண்டாஞ் சனி இல்ல?" என்றார் கடைக்காரர், ஏதோ ஏகாதசி திதியை மறந்தவனைப் பார்ப்பதுபோல. அன்றைக்கு நான் பார்த்த ஒரே காட்சிப்பொருள், கம்பிக்கு உள்ளே வேப்ப மரத்தடியில் கிடந்த தலையில்லாத நந்தி.

மதிய இடைவேளையும் உண்டு. ஒரு மணிக்குப் போய் நிற்காதீர்கள். மராமத்துக்காக மாதக்கணக்கில் மூடிக் கிடப்பதும் சகஜம், அதை இணையத்தில் யாரும் போட மாட்டார்கள். காலை பத்து மணிக்கு மேல் ஒரு போன் அடித்துக் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

டிக்கெட் எவ்வளவு ஆகும்?

பெரும்பாலும் ஒரு டீ, இரண்டு வடை விலைக்குள் முடிந்துவிடும். சில்லறை கொண்டு போங்கள். தஞ்சாவூர் அரண்மனையில் மட்டும் ஒரே வளாகத்துக்குள் தனித்தனி டிக்கெட் வாங்க வேண்டியிருக்கும். அதைக் கண்டு எரிச்சல்படாதீர்கள், உள்ளே இருப்பது அதற்கு மேல் பெறும்.

வினோதமாக ஏதாவது பார்க்க வேண்டும். சிலை, காசு எல்லாம் அலுத்துவிட்டது. எங்கே போகலாம்?

அப்படியானால் அதே தஞ்சாவூர் அரண்மனைதான். பெரிய கோவிலைப் பார்த்துவிட்டு அப்படியே ஊருக்குத் திரும்புகிறவர்கள் பத்தில் எட்டுப் பேர். அரண்மனைக்குள் இருக்கும் சரசுவதி மகால் நூலகத்தின் சின்னக் காட்சிக்கூடத்தில் இருப்பதை அவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

1798 முதல் 1832 வரை தஞ்சாவூரை ஆண்ட மராத்திய ராஜா இரண்டாம் சரபோஜிக்குப் புத்தகப் பைத்தியம். நாயக்கர் காலத்திலிருந்தே இருந்த சுவடித் தொகுப்பை அவர் பல மடங்கு பெருக்கினார். சம்ஸ்கிருதம், தமிழ், தெலுங்கு, மராத்திச் சுவடிகளோடு ஐரோப்பியப் புத்தகங்களும் ஆயிரக்கணக்கில் வரவழைத்தார். புத்தகங்களில் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டு வைக்கிற பழக்கமும் அவருக்கு இருந்தது. காட்சிக்கூடத்தில் வரிசையாக மாட்டியிருக்கும் படங்களில் சார்ல் ல ப்ருன் என்ற பிரெஞ்சு ஓவியர் வரைந்தவை உண்டு: மனித முகத்தையும் மிருக முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆந்தை முகம் உள்ளவன் எப்படி இருப்பான், மாட்டு முகம் உள்ளவன் எப்படி இருப்பான் என்று காட்டுகிற படங்கள். நான் ஆந்தையின் முன் நின்றிருந்தேன். பின்னால் வந்த கல்லூரிப் பையன்கள் கூட்டம், "டேய், நம்ம எச்.ஓ.டி.டா!" என்று சிரித்தது. எந்தத் துறைத் தலைவரோ தெரியாது, ஆனால் சரபோஜி அந்தப் படங்களை முதன்முதலாகப் பிரித்துப் பார்த்த அன்றைக்குத் தர்பாரில் யாருடைய முகமும் அவருக்கு நினைவு வந்திருக்காது என்று சொல்ல முடியாது.

அதே கூடத்தில் சீன நாட்டில் குற்றவாளிகளுக்குக் கொடுத்த தண்டனைகளை வரைந்த வண்ணப் படங்களும் இருக்கின்றன. சின்னக் குழந்தைகளை அந்தப் பக்கம் கொஞ்சம் வேகமாகக் கூட்டிப் போங்கள். நூலகத்தின் சேகரிப்பில், சரபோஜி காலத்தில் கண் வைத்தியம் பார்த்தவர்களின் குறிப்புகள், நோய் கண்ட கண்ணைத் தனியாக வரைந்த படங்களோடு பத்திரமாக இருக்கின்றன. ராஜா ஒருவர் கண்புரைக்குக் 'கேஸ் ஷீட்' எழுத வைத்தார் என்பது எனக்கு அவர் நடத்திய எந்தப் பட்டாபிஷேகத்தையும்விடப் பெரிய விஷயமாகப் படுகிறது. இந்த நூலகம் 1918இல் அரசு வசம் வந்து பொதுமக்களுக்கானது.

இனி அரண்மனைக் கலைக்கூடம். சோழர் செப்புத் திருமேனிகளைப் பார்த்து மனம் நிறைந்து மாடி ஏறுகிறீர்கள். அங்கே ஒரு திமிங்கிலம் கிடக்கிறது! முழு எலும்புக்கூடு. சிவகாமியையும் கல்யாணசுந்தரரையும் பார்த்த கண்ணுக்கு இது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். 1955இல் தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கியது என்று விவரம் சொல்கிறார்கள். கடலிலிருந்து இவ்வளவு தூரம் உள்ளே தள்ளியிருக்கிற ராஜா வீட்டு மாடிக்கு அதைக் கொண்டுவந்த மனிதர்களுக்குச் சரபோஜியின் காற்று கொஞ்சம் அடித்திருக்க வேண்டும்.

கல் மரம் என்கிறார்களே, அது நிஜமா?

நிஜம். பெரம்பலூர் மாவட்டத்தில் சாத்தனூர் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஓடைப் படுகையில் 18 மீட்டருக்கு மேல் நீளமுள்ள மரம் ஒன்று விழுந்து கிடக்கிறது. தொட்டால் கல். சுமார் 12 கோடி ஆண்டு வயது. 1940இல் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் இதைக் கண்டறிந்து சொன்னார்.

மரம் எப்படிக் கல்லாகும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கடலோரத்தில் விழுந்த மரம் மக்கிப்போவதற்கு முன்பே மணலும் சேறும் மேலே மூடிவிட வேண்டும். காற்றுப் புகாது, அழுகாது. மண்ணுக்குள் ஊறும் நீரில் கரைந்திருக்கும் சிலிக்கா, மரத்தின் உள் கண்ணறைகளில் ஒவ்வொன்றாகப் படிந்து, மரச்சத்து இருந்த இடத்தைத் தான் பிடித்துக்கொள்கிறது. வீட்டுக்காரர் காலி செய்யச் செய்ய, அறை அறையாக வேறொருவர் குடிவந்தது போல. வீட்டின் வடிவம் மட்டும் அப்படியே இருக்கும்.

பெரம்பலூர் எங்கே, கடல் எங்கே என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் கடல் அங்கே வரை இருந்தது. பக்கத்து அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கடல் உயிர்களின் புதைபடிமங்கள் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. அரியலூருக்குப் பக்கத்தில் வாரணவாசியில் இதற்கென்றே புதைபடிம அருங்காட்சியகம் இருக்கிறது. செம்மறிக் கிடாவின் கொம்பு போலச் சுருண்ட, அம்மோனைட் என்ற அழிந்துபோன கடல் உயிரின் ஓடுகளைப் பார்க்கலாம். அவை வாழ்ந்த கடலின் அடித்தரைதான் இன்றைய சுண்ணாம்புக்கல். அந்தச் சுண்ணாம்புக்கல்தான் அரியலூர் சிமெண்ட். திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் வீடு கட்டியவர்களே, உங்கள் சுவருக்குள் கொஞ்சம் கடல் இருக்கிறது.

சாத்தனூருக்குப் பஸ் குறைவு. பெரம்பலூரில் இறங்கி ஆட்டோ பேசிக்கொள்வது உத்தமம். ஆட்டோக்காரரிடம் 'புதைபடிமப் பூங்கா' என்றால் யோசிப்பார்; 'கல் மரம்' என்றால் கிளப்பிவிடுவார்.

குறிப்புச் சீட்டில் 'சிலை, கருங்கல், கி.பி. 12ஆம் நூற்றாண்டு' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். அதை வைத்து என்ன தெரிந்துகொள்வது?

நியாயமான புகார். பாதிச் சீட்டுகள் வெயிலில் வெளுத்திருக்கும். மீதிச் சீட்டுகளில் ஒன்று அடுத்த சிலையின் காலடியில் விழுந்து கிடக்கும். துர்க்கையின் முன்னால் 'அய்யனார்' என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன்.

என் பழக்கத்தைச் சொல்கிறேன். காலத்தைப் படிக்க மாட்டேன், பெயரைக்கூடப் பிறகுதான். 'கிடைத்த இடம்' என்று ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் தேடுவேன். ஊர்ப் பெயர் இருந்தால் போதும். உங்கள் சித்தி வாழ்க்கைப்பட்ட ஊராக இருக்கும், நீங்கள் தினம் பஸ்ஸில் தாண்டுகிற நிறுத்தமாக இருக்கும். அந்த நிமிஷமே அந்தக் கல் அந்நியமாக இருப்பதை நிறுத்திவிடும். ஏரி தூர்வாரும்போது கிடைத்ததா, வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்ததா என்று கேட்கத் தோன்றும். கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறார். அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

காவலரிடம் பேசலாமா? கோபித்துக்கொள்ள மாட்டாரா?

பேசாமல் வந்தால்தான் நஷ்டம். மியூசியத்துக்குப் பொறுப்பான அதிகாரி, அதாவது காப்பாட்சியர், மாற்றலாகிப் போய்க்கொண்டே இருப்பார். காவலரும் பெருக்குகிற அம்மாவும் இருபது வருஷமாக அங்கேயே இருப்பார்கள். எந்தப் பெட்டி எந்த ஊரிலிருந்து எப்போது வந்தது, எதை இறக்கும்போது யார் காலில் விழுந்தது என்பதுவரை அவர்களுக்கு அத்துப்படி.

வயதானவரானால் 'ஐயா', 'அண்ணாச்சி', அந்தந்த ஊர் வழக்கப்படி. பெருக்குகிறவர் 'அம்மா' அல்லது 'அக்கா'. "இதுல உங்களுக்குப் பிடிச்சது எதுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். நான் இதைக் கேட்டு ஏமாந்ததே இல்லை. ஒருமுறை ஒரு அக்கா என்னைச் சிலைகளை எல்லாம் தாண்டி மூலைக்குக் கூட்டிப் போய், கண்ணாடிப் பெட்டியில் இருந்த பழைய குழந்தைப் பால் சங்கைக் காட்டினார். "இத மட்டும் தெனம் தொடைப்பேன். எம்மவளுக்கு இதே மாதிரிதான் வெச்சிருந்தேன்."

பணம் கொடுக்கலாமா என்பது துணைக் கேள்வி. கை நீட்டாதவருக்குக் கொடுத்துச் சங்கடப்படுத்த வேண்டாம். வருகைப் பதிவேட்டில் தெளிவாக நாலு வரி எழுதுங்கள், அவர் நன்றாக விளக்கினார் என்றும் சேர்த்து. மேலதிகாரி புரட்டுகிற நோட்டு அது.

போட்டோ எடுக்கலாமா?

இடத்துக்கு இடம் வேறு. சில இடங்களில் கேமராவுக்குத் தனி டிக்கெட், செல்போனுக்கு ஒன்று, பெரிய கேமராவுக்கு ஒன்று. சுவடி, துணி, ஓவியம் இருக்கும் அறையில் அனுமதி இருந்தாலும் ஃபிளாஷ் போடாதீர்கள், சாயம் போகும். எங்கேயும் சிலை மேல் கை வைத்துப் போஸ் கொடுக்காதீர்கள். பிள்ளையார் நம் வீட்டுப் பிள்ளைதான், இருந்தாலும் கையில் இருக்கிற எண்ணெயும் வியர்வையும் கல்லுக்கு ஆகாது.

குழந்தைகளைக் கூட்டிப் போனால் பத்து நிமிஷத்தில் 'போலாமா' என்கிறார்கள்.

எல்லாவற்றையும் காட்ட நினைப்பதால் வருகிற வினை. உள்ளே நுழையும் முன்பே, மூன்று பொருள்தான் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிடுங்கள். பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து வரையச் சொல்லுங்கள். வரைகிற பிள்ளைக்கு நந்தியின் கழுத்தில் எத்தனை மணி என்று தெரியும். நமக்குத் தெரியாது.

எலும்புக்கூடு இருக்கும் இடம் பிள்ளைகளுக்கு எப்போதும் வெற்றி. கோயம்புத்தூரில் வனக் கல்லூரி வளாகத்துக்குள் 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. வனத்துறை அதிகாரியாக இருந்த எச்.ஏ. காஸ் சேர்க்க ஆரம்பித்தது. யானை எலும்புக்கூடு, பாடம் செய்த காட்டெருமை, மரங்களின் குறுக்குவெட்டுத் துண்டுகள் என்று பழைய காலத்து மியூசியத்துக்கே உரிய மணத்தோடு இருக்கும். திறந்திருக்கிறதா என்று முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போங்கள். அதே ஊரில் ஜி.டி. நாயுடு குடும்பத்தின் பழைய கார் மியூசியம் அவினாசி சாலையில் இருக்கிறது. காட்டெருமைக்கு மசியாத பையன் அங்கே மசிவான்.

கீழடியும் பிள்ளைகளுக்கு ஏற்றது. மதுரையிலிருந்து 12 கிலோமீட்டர்தான். 2023 மார்ச்சில் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டித் திறந்த அருங்காட்சியகம். பகடைக்காய், சில்லு, தக்களி இவற்றைக் காட்டுங்கள். 'ஆதன்' என்று பானை ஓட்டில் கீறியிருப்பதைக் காட்டி, "இது யாரோ தன் டிபன் பாக்ஸில் பேர் எழுதினது" என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் ஒன்றும் விளக்க வேண்டியிருக்காது.

பெரிய மனிதர்கள் வாழ்ந்த வீடுகளில் பார்க்க என்ன இருக்கும்? நாலு போட்டோதானே?

சில வீடுகளில் அப்படித்தான். மாலை போட்ட படம், விருதுகளின் நகல், டியூப்லைட். ஐந்து நிமிஷம்.

கும்பகோணத்தில் கணித மேதை ராமானுஜன் வீடு அப்படி இல்லை. சாரங்கபாணி சன்னதித் தெருவில், ஓடு வேய்ந்த சின்ன வீடு. இப்போது சாஸ்திரா பல்கலைக்கழகம் பராமரிக்கிறது. திண்ணை, ரேழி மாதிரி ஒரு பாதை, ஜன்னலோரம் ஒரு கட்டில், சமையலறை, பின்னால் கிணறு. அவ்வளவுதான். ஈரோட்டில் 1887இல் பிறந்தவர் வளர்ந்தது இங்கே. அந்தக் கட்டிலருகே நின்று ஜன்னல் வழியாகப் பாருங்கள். சன்னதித் தெரு, அந்தப் பக்கம் கோபுரம். கணக்கு எழுதுகிற பையனின் காதில் விழுந்த சத்தங்களில் கோவில் மணி இன்னும் விழுகிறது. கூடவே ஆட்டோ ஹாரன். வீட்டில் இவ்வளவுதான் இடம் என்று பார்த்த பிறகு, 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் அனுப்பிய அந்தக் கடிதத்தின் கனம் வேறு மாதிரித் தெரிகிறது.

எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடும் இந்த வகைதான். திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு, கூட்டமில்லாத நாளில் போங்கள்.

இலங்கைக்குப் போகிறேன். அங்கே இப்படி ஏதாவது?

கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் பழைய தேயிலைத் தொழிற்சாலையைத் தேயிலை அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். இயந்திரங்கள், துரைமார் வைத்திருந்த சாமான்கள், மேல்மாடியில் நல்ல தேத்தண்ணி. சுற்றுலாக்காரர்கள் அதோடு திரும்பிவிடுவார்கள். நீங்கள் திரும்பாதீர்கள். கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகாக் தோட்டத்தில், கொழுந்து பறித்தவர்கள் குடியிருந்த லயன் அறைகளிலேயே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்றை 2007இல் அமைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து நடந்தும் கப்பலேறியும் போன நம் சனங்களின் கூடை, சட்டி, பெட்டி, பத்திரம். முதலில் ஹந்தானை, பிறகு இது என்ற வரிசையில் பாருங்கள். ஒரே தேயிலைக்கு இரண்டு மியூசியம் ஏன் தேவைப்பட்டது என்பது லயன் அறையின் நிலைக்குக் குனியும்போது புரியும்.

முதியவர்கள், முட்டிவலிக்காரர்கள்?

படி அதிகம், லிஃப்ட் அநேகமாக இருக்காது. தஞ்சாவூர்த் திமிங்கிலத்துக்குப் படி ஏற வேண்டும். கழிப்பறையை நம்பிப் போக வேண்டாம். பஸ் நிலையத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். உட்கார நாற்காலி கேட்டால் காவலர் தன்னுடையதைத் தருவார்.

ஒரே ஒரு நாள்தான் லீவு. ஒரு ஊர் சொல்லுங்கள்.

தரங்கம்பாடி. வெள்ளிக்கிழமை தவிர. மயிலாடுதுறையிலிருந்து பஸ்.

1620இல் டென்மார்க்காரர்கள் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். நாயக்கர் பொன் ஓலையில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. கோட்டைக்குள் சின்ன மியூசியம். டேனிஷ் காசுகள், பீங்கான், பழைய ஆவணங்கள். காசுகளில் ஈயத்தில் அடித்தவற்றைத் தேடுங்கள். பொன்னுக்கும் மிளகுக்கும் கப்பலேறி வந்தவர்கள் நம் சந்தையில் கத்தரிக்காய் வாங்க ஈயக்காசு அடிக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் சிரிப்பு வரும்.

வெளியே வந்தால் 1792 என்று போட்ட நகர வாயில், ராஜ வீதி, 1718இல் கட்டிய புது எருசலேம் ஆலயம். 1706இல் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்து, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தது இந்த ஊரில்தான். அவரை அடக்கம் செய்ததும் அந்த ஆலயத்துக்குள். பின்னாளில் இதே தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த சுவார்ட்ஸ் பாதிரியார்தான் தஞ்சாவூர்ச் சரபோஜிக்கு வாத்தியார். ஆந்தை முகப் படத்துக்கும் இந்தக் கடற்கரைக்கும் அப்படி ஒரு தொடர்பு. திமிங்கிலம் ஒன்று மட்டும்தான் இங்கிருந்து தஞ்சாவூர் போனது என்று நினைக்க வேண்டாம். 1845இல் டேனிஷ்காரர்கள் இந்த ஊரையும் வங்கத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் கடலோரம் மாசிலாமணிநாதர் கோவில் வரை நடங்கள். அலை அதன் முன்பக்கத்தைத் தின்றே விட்டது. மீனுக்குப் பேரம் பேச நேரமிருந்தால் கூடுதல் லாபம்.

எங்கள் வீட்டில் பழைய பொருள் ஒன்று இருக்கிறது. மியூசியத்துக்குக் கொடுக்கலாமா?

எந்தப் பொருள், எப்படி வந்தது என்பதைப் பொறுத்தது. தோட்டத்தில் குழி வெட்டும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ கிடைத்ததானால் அது உங்கள் விருப்பம் அல்ல. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்பது அந்தக் காலத்துப் பத்து ரூபாய். சட்டத்தில் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. வி.ஏ.ஓ. அல்லது தாசில்தாரிடம் எழுதிக் கொடுத்தால் மேலே போகும். 'விளக்கிப் பார்ப்போம்' என்று புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பச்சைக் களிம்போடு சேர்ந்து எழுத்தும் போய்விடும்.

பரம்பரையாக வீட்டில் இருக்கிற பாக்குவெட்டி, அஞ்சறைப் பெட்டி, மரக்கால், ஏட்டுச்சுவடி என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். மாவட்டக் காப்பாட்சியரிடம் போய்ப் பேசுங்கள், பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் வாங்குங்கள். எல்லாவற்றையும் காட்சிக்கு வைக்க மாட்டார்கள். பாதி, பின்னறைக்குப் போகும். அதற்கு மனம் ஒப்பினால் கொடுங்கள்.

கொடுக்கும்போது ஒரு தாளில், யாருடையது, எந்த ஊர், எந்த வீட்டில் எதற்குப் புழங்கியது என்று நாலு வரி எழுதி, நூல் கட்டிப் பொருளோடு சேர்த்தே கொடுங்கள். எங்கள் அம்மாச்சியின் மரக்காலை நான் கொடுத்தபோது எழுதவில்லை. மூன்று வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தேன். 'மரக்கால், மரம், 20ஆம் நூற்றாண்டு' என்று சீட்டு. காவலரிடம் பேனா கடன் வாங்கி, கீழே அவள் ஊர்ப் பெயரை எழுதிவிட்டு வந்தேன். அவர் பார்க்காததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.